ஒலிபெருக்கி எதைப் பெருக்குகிறது?

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு ஜோடி பழைய ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. 1990-களின் பிற்பகுதியில், திருமணத்திற்கு முன்பு, அப்பா தவணை முறையில் வாங்கிய ‘மினி காம்போ’வின் மிச்சம் அவை. முதலில் கேசட் பகுதி பழுதானது. பிறகு சி.டி. தட்டு வெளியே வர மறுத்தது. இறுதியில் நடுப்பெட்டி முழுவதும் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிப் போய்விட்டது. ஒலிபெருக்கிகள் மட்டும் அம்மாவின் பூச்சாடிகளைத் தாங்கிக்கொண்டு இரு மூலைகளில் நின்றன.

வாசகர்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு ஜோடி நிற்கக்கூடும். விடுதி அறையில் படம் பார்க்கும்போது மடிக்கணினியின் சத்தம் போதவில்லை என்று குறைப்படாத மாணவரும் இல்லை. இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் ஐந்தாம் படிவ மாணவி. அடுத்த மாதம், சித்தியவானில் பாட்டியின் தம்பி காலமானார். நாங்கள் இருப்பது கிள்ளானில். மாநிலம் கடப்பதற்குக் கட்டுப்பாடு இருந்த நேரம். எண்பதை நெருங்கிய பாட்டியை அழைத்துச் செல்ல அப்பாவுக்குத் துணிவில்லை. இறுதிச்சடங்கைக் காணொளி அழைப்பில் பார்த்தோம். பாட்டி மடிக்கணினியின் முன் கையைக் காதருகே குவித்து உட்கார்ந்திருந்தார். “தேவாரம் பாடுறாங்களா பாப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒலியளவு நூறில் நின்றது. அதற்கு மேல் ஏற்ற ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தையும் அதே அழைப்பில்தான் பார்த்தாக வேண்டும். அதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று பூச்சாடிகளை இறக்கி வைத்தேன். உடைந்த ஹெட்போன் ஒன்றின் வயரை வெட்டி, அதன் இழைகளை ஒலிபெருக்கி வயர்களோடு முறுக்கி, மின்நாடாவைச் சுற்றி, பிளக்கை மடிக்கணினியில் செருகினேன். இரண்டு முழ உயரப் பெட்டியிலிருந்து கொசுவின் ரீங்காரம் போல ஓர் ஓசை வந்தது. மடிக்கணினியின் சொந்தச் சத்தத்தில் பாதிகூட இல்லை!

என்னை ஏமாற்றியது ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்தான் என்று பின்னால் புரிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் அச்சொல்லைப் படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனால் அங்கே அதற்குப் பெயர் ‘பெம்பெசார் சுவாரா’. அதன் பொருளும் குரலைப் பெரிதாக்குவது என்பதே. இரண்டு மொழிகளும் ஒரே குரலில் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? ஆனால் உண்மை வேறு. அப்பாவின் பெட்டிக்குள் இருப்பது ஒரு காந்தம், அதற்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். எவ்வளவு மின்திறன் வருகிறதோ அதில் ஒரு சிறு பகுதியை ஒலியாக மாற்றித் தரும். மீதியை வெப்பமாக இழக்கும். அது எதையும் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலையைச் செய்தது பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிப்போன நடுப்பெட்டி. அதற்குள் இருந்த ஆம்ப்ளிஃபையர்தான் உண்மையான பெருக்கி.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் வரும் மின்னழுத்தம், முழு ஒலியளவில், ஏறத்தாழ 1 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஹெட்போன் ஒன்றின் மின்மறுப்பு 32 ஓம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மறுப்பால் வகுத்தால் திறன் கிடைக்கும். அதாவது 31 மில்லிவாட். அப்பாவின் ஒலிபெருக்கியின் பின்புறத்தில் 6 ஓம் என்று எழுதியிருந்தது. அதே கணக்கைப் போட்டால் 160 மில்லிவாட்டுக்கு மேல் வர வேண்டும். ஆனால் ஹெட்போனுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிறிய சில்லு அவ்வளவு மின்னோட்டத்தைத் தராது. திணறும், ஒலி நசுங்கும். மடிக்கணினியின் உள்ளே இருக்கும் குட்டி ஒலிபெருக்கிகளுக்கோ தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் உண்டு. அவை ஒவ்வொன்றும் 1 அல்லது 2 வாட் வாங்கிக்கொள்கின்றன. என் பெரிய பெட்டி, மடிக்கணினியின் குட்டி ஒலிபெருக்கியிடம் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

அன்று இதெல்லாம் தெரியாது. காரியம் தொடங்க இருந்த நேரத்தில் வேறு வழியின்றி, என் ஹெட்போனை எடுத்துப் பாட்டியின் கொண்டையைச் சற்று இறக்கிக் காதில் மாட்டிவிட்டேன். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் அசையவில்லை. பெட்டியை அசைக்கப் போதாத அதே சில மில்லிவாட்டுகள், காதுக்கு ஒரு விரலளவு தூரத்தில் வைத்தபோது தாராளமாகப் போதின!

தூரத்தின் வலிமையை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். திறந்த வெளியில் ஒலியின் மூலத்திற்கும் காதுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். அது திறனை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இந்த ஆதாயம் சற்றுக் குறையும். ஆயினும், புதிய ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன் இருப்பதை அருகே இழுத்துப் போட்டுப் பாருங்கள். இதற்குச் செலவு இல்லை.

இவ்விடத்தில் டெசிபல் பற்றி ஒரு சொல். திறனை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். கூர்ந்து கேட்டால் ஒழிய வேறுபாடு தெரியாது. பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். அப்போதுதான் ‘சத்தம் இரண்டு மடங்கு’ என்று நம் காது ஒப்புக்கொள்ளும். எனவே 20 வாட் பெட்டிக்குப் பதிலாக 40 வாட் பெட்டி வாங்குபவர் பணத்தை இரட்டிப்பாகக் கொடுத்து ஒலியை இரட்டிப்பாகப் பெறுவதில்லை. மேலும், இரவுச் சந்தையிலும் இணைய அங்காடியிலும் அட்டையில் அச்சிடப்படும் வாட் கணக்கை நம்பவே வேண்டாம். அப்பாவின் மினி காம்போ முகப்பில் ‘பி.எம்.பி.ஓ. 2000 வாட்’ என்று பளபளக்கும் வில்லை ஒட்டியிருந்ததாம். அதே பெட்டியின் பின்புறத் தகட்டில், மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்வது 60 வாட் என்று சின்ன எழுத்தில் இருந்ததாக அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வார். அறுபது வாங்கி இரண்டாயிரம் கொடுக்கும் வித்தையை இயற்பியல் அனுமதிப்பதில்லை. கண் இமைக்கும் நேரத்திற்கும் குறைவாக எட்டக்கூடிய உச்சத்தைப் பல வழிகளில் ஊதிக் காட்டும் எண் அது. தொடர்ந்து தரக்கூடிய திறனை ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறிப்பார்கள். அதைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் பின்புறத் தகட்டைப் படியுங்கள்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். கடையில் மின்செருகியோடோ யு.எஸ்.பி. வயரோடோ வரும் கணினி ஒலிபெருக்கிகளுக்குள் ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றை 3.5 மி.மீ. பிளக் வழியாக நேரடியாகச் செருகினால் போதும். வேறு வித்தை இல்லை. அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்தத் துளையே இல்லை. அவற்றுக்கு யு.எஸ்.பி.-சி முனையில் பொருத்தும் சிறிய மாற்றி கிடைக்கிறது. புளூடூத் ஒலிபெருக்கியும் நல்லதுதான். பாட்டுக் கேட்கத் தாராளமாகப் போதும். ஆனால் ஒலி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வரக்கூடும். மேடையில் நடிகர் கன்னத்தில் அறைந்த பிறகு சத்தம் வந்தால் அவையோர் சிரிப்பார்கள். நாடகத்திற்கு வயர்தான் என்பது என் கருத்து.

அப்பாவுடையது போன்ற, மின்செருகி இல்லாமல் இரண்டே இரண்டு கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்குத்தான் இடையில் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். மின்பொறியியல் முதலாம் ஆண்டு விடுமுறையில், கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடை வரிசைக்குப் போனேன். டி.பி.ஏ. 3116 என்ற சில்லு பொருத்திய உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றை வாங்கினேன். நாற்பது ரிங்கிட்கூட ஆகவில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்க, இறந்துபோன மடிக்கணினி ஒன்றின் 19 வோல்ட் மின்னூட்டியைப் பயன்படுத்தினேன். அந்தச் சில்லு 26 வோல்ட் வரை தாங்கும் என்பதால் இது பொருந்தும். ஆனால் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் புகைந்துவிடும். என் முதல் பலகை அப்படித்தான் போனது. இரண்டாவது பலகை இன்றுவரை உழைக்கிறது. 6 ஓம் பெட்டிக்குக் கணக்குப்படி ஒரு பக்கத்துக்கு 30 வாட். இழப்புகளைக் கழித்தால் 25 வாட் என்று கொள்ளலாம். மடிக்கணினியின் உள் ஒலிபெருக்கியை விடப் பத்து மடங்குக்கு மேல்.

இணைக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். இவ்வகைப் பலகையில் இரு ஒலிபெருக்கிகளின் கறுப்பு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. ஹெட்போனில் இரண்டு பக்கமும் ஒரே பொது வயர் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படிச் செய்துவிடுவார்கள். இந்தச் சில்லு ஒவ்வொரு பெட்டியின் இரு முனைகளையும் தனித்தனியே இயக்குகிறது, சேர்த்தால் குறுக்கிணைப்பு. அடுத்து, சிவப்பு முனை சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு என்பதை இரு பெட்டிகளுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஒன்றில் மாற்றிவிட்டால் ஒரு கூம்பு வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கும். காற்றில் அடித்தொனிகள் ஒன்றையொன்று அழித்து, தவில் தகர டப்பாவாகிவிடும். வயரின் நிறம் மங்கிப் போயிருந்தால் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் நேர்முனை சிவப்பு முனையில் படும்போது பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் கூம்பு வெளியே வரும். மூன்றாவது ஒலியளவு. மடிக்கணினியில் முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் திருகியைச் சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். மடிக்கணினியில் குறைத்து வைத்து ஆம்ப்ளிஃபையரில் கூட்டினால், மடிக்கணினியின் உள்ளிரைச்சலும் சேர்ந்தே பெருகும். சில படம் ஓட்டும் மென்பொருள்கள் ஒலியளவை நூறைத் தாண்டி ஏற்ற விடும். அது அலையின் தலையை வெட்டிவிட்டுச் சத்தம் கூடியதாகக் காட்டும் வேலை.

இவ்வளவும் செய்து முடித்த பின் ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த முனகல் ஒன்று கேட்டது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுற்றுகளாக அலைவது. அந்த 50-உம் அதன் மடங்குகளும்தான் முனகலாக வருகின்றன. மடிக்கணினியும் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு செருகிகள் வழியே ஒரே நிலக்கம்பியைத் தொட, நடுவில் ஒலி வயரும் அவற்றை இணைக்க, ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் இதுதான் காரணம். பேட்டரியில் ஓட்டலாம், அல்லது ஒலி வயரின் நடுவே பொருத்தும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றை வாங்கலாம். மூன்று முனைச் செருகியின் நிலமுனையை நாடா சுற்றி மறைக்கும் ‘வைத்தியம்’ ஒன்று உலவுகிறது. அது உயிரை வாங்கும். வேண்டவே வேண்டாம்.

வீட்டில் பாட்டிக்கு இப்போது சத்தம் கேட்டது. ஆனால் ஒரு வாரம் கழித்து, “சத்தம் நல்லா கேக்குது பாப்பா, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல” என்றார். திருகியை இன்னும் ஏற்றினேன். “ஏன் கத்த விடுற?” என்றார். வயதால் வரும் செவிக்குறை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் தொடங்குகிறது என்று படித்த பிறகுதான் விளங்கியது. பேச்சில் வலுவான பகுதி உயிரொலிகள். அவை தாழ்ந்த அதிர்வெண்களில் நிற்பவை. க, ச, த, ப முதலிய வல்லின மெய்களின் அடையாளமோ மெலிந்தது, உயர்ந்தது. பாட்டிக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. ‘படம்’ என்பதும் ‘தடம்’ என்பதும் அவருக்கு ஒன்றாகவே ஒலித்திருக்கும். எனவே ஒலியளவைக் குறைத்து, அடித்தொனியையும் குறைத்து, மேல்தொனியை மட்டும் கூட்டினேன். பெட்டி ஒன்றைப் பூச்சாடியிலிருந்து விடுவித்து அவருடைய நாற்காலிக்கு அருகே, காதின் உயரத்தில் வைத்தேன். மின்னல் எஃப்.எம்.-இல் யார் என்ன சொன்னார் என்று அம்மாவுக்கு அவர் எடுத்துச் சொல்லத் தொடங்கினார்.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே அடுத்து நடந்ததைச் சொல்லத்தான்.

2024-இல், என் இரண்டாம் ஆண்டில், எங்கள் கழகத்தின் கலை இரவில் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். ஒலிப்பொறுப்பு எனக்கு. மின்பொறியியல் மாணவி என்றால் மைக்கும் வயரும் தானாக அவள் தலையில் விழும் என்பது எழுதாத விதி! நாடகத்தின் தொடக்கக் காட்சிக்குப் பாட்டியின் குரலையே பதிவு செய்தேன். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு ஓடியது, காண்டா தோளை அறுத்தது, மழை வந்தால் மங்குகளில் பாலோடு தண்ணீர் கலந்து அன்றைய கூலி போனது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்கு மரம் அதன் அழுகையை நினைத்துக்கொண்டே பால் வெட்டியது என்று சமையலறையில் உட்கார்ந்து நான்கு நிமிடம் பேசினார். அதற்கு முன் எங்களில் எவருக்கும் அவர் அதைச் சொன்னதில்லை. என் அறைத்தோழி அதன் பின்னணியில் மழையோசையையும் புல்லாங்குழலையும் சேர்த்து, குரலுக்குச் சிறிது எதிரொலியும் கொடுத்தாள். ஒத்திகை அறையில் கணினி ஒலிபெருக்கியில் கேட்டபோது நாங்கள் இருவருமே பேசவில்லை.

மண்டபம் எங்களுக்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்புதான் கிடைத்தது. ஒரு முனையில் 3.5 மி.மீ. பிளக்கும் மறு முனையில் 6.35 மி.மீ. பிளக்கும் கொண்ட வயரை மடிக்கணினியிலிருந்து மிக்சரில் செருகினேன். ஒரு திரைப்பாடலின் முன்னிசையைப் பத்து விநாடி ஓட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. சரி என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பாட்டி மூன்றாம் வரிசையில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். விளக்குகள் அணைந்தன. கோப்பை ஓட விட்டேன். மழை பெய்தது. புல்லாங்குழல் இழைந்தது. குரல் வரவில்லை. எங்கோ கிணற்றின் அடியிலிருந்து யாரோ முணுமுணுப்பது போன்ற ஒரு நிழல் மட்டும் இருந்தது. ஒலியளவை முழுவதும் ஏற்றினேன், மழை பலத்தது. திரையில் கோப்பின் அலை ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்க்கிறேன், மண்டபத்தில் பாட்டி இல்லை. நான்கு நிமிடம் மேடையில் நடிகர்கள் அசையாமல் நின்றார்கள். அவையோர் அதை ஓர் உத்தி என்று எண்ணியிருக்க வேண்டும். கைகூடத் தட்டினார்கள்.

வீடு திரும்பும்போது காரில் பாட்டி சொன்னார்: “மழ நல்லா பேஞ்சுச்சு பாப்பா. நம்ம தோட்டத்து மழ மாதிரியே.”

அவருடைய குரல் அதில் இருந்தது என்று அன்று நான் சொல்லவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அலைநோக்கியை வைத்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. பிளக்கின் முனையை உற்றுப் பாருங்கள்: கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட உலோகப் பகுதிகள் தெரியும். ஸ்டீரியோ பிளக்கில் நுனி இடப்பக்க ஒலி. நடுவளையம் வலப்பக்க ஒலி. அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. மைக்கும் சேர்ந்த பிளக்கில் நான்கு பகுதிகள் இருக்கும். மண்டப மிக்சரின் துளையிலும் அதே மூன்று தொடுபுள்ளிகள்தான். ஆனால் அங்கே அவற்றின் பொருள் வேறு. அது ஸ்டீரியோ அன்று. ஒரே ஒலியை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக மற்றொரு கம்பியிலும் அனுப்பும் ‘பேலன்ஸ்டு’ முறை. மிக்சர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துப் பெருக்கும். மைக்கிலிருந்து நீண்ட தூரம் வரும் வயரில் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒன்றுபோல இருக்கும். கழித்தால் அது மறைந்துவிடும். மிக அழகான ஏற்பாடு. நான் அதற்குள் ஸ்டீரியோவைச் செருகினேன். மிக்சர் என் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்தது. மழையும் குழலும் இரு பக்கமும் வேறுவேறாக விரிந்திருந்ததால் பிழைத்தன. பாட்டியின் குரல் நடுவில், இரு பக்கமும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தது. மிக்சருக்கு அதுதான் இரைச்சல். கழித்துச் சுழியமாக்கியது. சுழியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் சுழியம்தானே! இரு பக்கமும் சற்று மாறுபட்டிருந்த எதிரொலிதான் கிணற்றடி முணுமுணுப்பாக மிஞ்சியது. நான் சோதித்த முன்னிசையில் நடுக்குரல் இல்லாததால் சோதனையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திருமண விருந்துகளில் கரவோக்கேக்காகப் பாடகரின் குரலை நீக்கும் பழைய மலிவு முறையும் இதே கழித்தல்தான். கழித்தலுக்கு நல்ல பயனும் உண்டு. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியபோதே இரு பக்கங்களின் கூட்டலையும் கழித்தலையும் கையாண்டிருந்தார். எஃப்.எம். நிலையங்கள் ஸ்டீரியோவை அனுப்புவதும் அப்படித்தான். கூட்டல் தனியாக, கழித்தல் தனியாக. சாதாரண மோனோ வானொலி கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்வதால் அதில் எவருடைய குரலும் காணாமற் போவதில்லை.

எனவே, கழகத்தில் அடுத்து ஒலிப்பொறுப்பு ஏற்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: மடிக்கணினியை மண்டப மிக்சரோடு இணைக்க, ஒரு முனையில் ஸ்டீரியோ பிளக்கும் மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பிளக்குகளும் கொண்ட கவட்டை வயர் வேண்டும். நுனியும் அடியும் மட்டும் உள்ள, ஒரே கறுப்பு வளையம் கொண்ட பிளக்குகள் அவை. இரண்டையும் மிக்சரின் இரண்டு தனி வழிகளில் செருகுங்கள். வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் சிவப்பு, வெள்ளை முனைகள் இருக்கும். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். கைவசம் தவறான வயர்தான் உள்ளது, நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்றால், மடிக்கணினியின் அமைப்பில் ‘மோனோ’வைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். நான் அதையும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தேன்: இரு பக்கமும் ஒன்றாகிவிடுவதால் மழையும் போய்விடும். ஒலியை முழுவதும் ஒரே பக்கம் நகர்த்துங்கள்; கழிப்பதற்கு மறுபக்கத்தில் ஒன்றும் இல்லாததால் குரல் வந்துவிடும். அன்றிரவு ஒரே ஒரு நகர்த்தலில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை. சோதிக்கும்போது பாட்டை அல்ல, பேச்சை ஓட்டுங்கள். ஒரு முழு வாக்கியம் கேட்ட பிறகு சாப்பிடப் போங்கள்.

கவட்டை வயர் இப்போது கழகப் பெட்டியில் இருக்கிறது. அதன் கழுத்தில் சிவப்பு நாடா சுற்றியிருக்கும்.

பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போனதும், அந்தக் கோப்பைப் பாட்டியின் நாற்காலிக்கு அருகே இருக்கும் பெட்டியில் போட்டேன். மேல்தொனி கூட்டி, அடித்தொனி குறைத்து. மழை தொடங்கியது. பிறகு குரல் வந்தது. பாட்டி வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். காண்டா வரும் வரை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “யாரு பாப்பா இந்தக் கெழவி? எங்க தோட்டத்துக் கதைய இவ்வளவு சத்தமா சொல்றா” என்றார்.